உங்களுக்குத் தெரியுமா? ஜ்யோர் நகரத்துப் பச்சை வெள்ளைப் பெண்கள்

● ஹங்கேரி மொழியில் ஹேண்ட்பாலுக்குப் பெயர் 'கேஸிலப்தா'. 'கேஸ்' என்றால் கை, 'லப்தா' என்றால் பந்து. அப்படியே தமிழாக்கினால் கைப்பந்து. ஆனால் அந்தப் பெயரை நாம் வாலிபாலுக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஹேண்ட்பால் என்றே வரும்.

● அந்த ஆட்டத்தில் ஐரோப்பாவையே ஆண்டுகொண்டிருக்கும் பெண்கள் அணி ஒரு தலைநகரத்து அணி அல்ல. புடாபெஸ்டுக்கும் வியன்னாவுக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது ஜ்யோர். சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் வாழும் ஊர். டான்யூபின் மொஷோனிக் கிளை, ராபா, ராப்ட்ஸா என்று ஆறுகள் வந்து கூடும் இடம். ஆற்றங்கரை ஊர், ஆலை ஊர். இங்கே சாம்பியன்ஸ் லீக் கோப்பை இதுவரை ஏழு முறை வந்து இறங்கியிருக்கிறது: 2013, 2014, 2017, 2018, 2019, 2024, 2025.

● 'ஜ்யோரி ஆடி இ.டி.ஓ. கே.சி.' இதுதான் கிளப்பின் முழுப்பெயர். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தாலே ஊரின் வரலாறு தெரியும். 'ஆடி' என்பது கார் கம்பெனி. 1993ல் இங்கே வந்து, உலகின் மிகப் பெரிய எஞ்சின் ஆலைகளில் ஒன்றை நடத்துகிறது. 'இ.டி.ஓ.' அதைவிட ரொம்பப் பழசு. ரயில் பெட்டி செய்யும் ஆலையின் தொழிலாளர்கள் 1904ல் தொடங்கிய விளையாட்டுச் சங்கத்தின் சுருக்கப் பெயர் அது. முதல் எழுத்துக்கு உரிய ஹங்கேரியச் சொல்லுக்கு 'ஒத்த மனம்' என்று பொருள். 'கே.சி.' ஹேண்ட்பால் கிளப். பெண்கள் ஹேண்ட்பால் பிரிவு 1948ல் பிறந்தது. 'ஆடி' வருவதற்கு முன் அந்த இடத்தில் 'கிராபோபிளாஸ்ட்' என்ற பெயர் இருந்தது. அதுவும் உள்ளூர்க் கம்பெனிதான், தரைவிரிப்பு தயாரிப்பது.

● இந்தக் கிளப் முதன்முதலில் ஹங்கேரிய சாம்பியன் ஆனது 1957ல். இரண்டாவது முறை 1959. மூன்றாவது முறை? 2005! இடையில் 46 ஆண்டுகள். 1959ல் பிறந்த ஒரு குழந்தை வளர்ந்து, வேலைக்குப் போய், பேரக்குழந்தை எடுக்கும் வயதை எட்டும்வரை கோப்பை இல்லை. அதன் பிறகோ, தேசியப் பட்டம் வராத ஆண்டுகளைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டும்.

● ஹேண்ட்பால் பார்த்தே இராதவர்களுக்கு: அணிக்கு ஏழு பேர், ஒருவர் கோல்கீப்பர். களம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பாதிக்கு 30 நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று எட்டுக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது, மூன்று நொடிக்கு மேல் பிடித்திருக்கவும் கூடாது. கோலைச் சுற்றி ஆறு மீட்டரில் ஒரு வளைகோடு. அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்க முடியாது. ஆனால் கோட்டுக்கு வெளியே எம்பிக் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே எறிந்துவிடலாம். ஆட்டத்தின் அழகெல்லாம் அந்த அரை நொடியில்தான்.

● ஹேண்ட்பாலின் ஆரம்ப விதிமுறைகளில் முக்கியமான ஒன்று பெண்களுக்காகவே எழுதப்பட்டது. 1917 அக்டோபர் 29. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது பெர்லினில், மாக்ஸ் ஹைசர் என்பவர் பெண்கள் விளையாடுவதற்காக ஓர் ஆட்டத்துக்கு விதிகளை வகுத்து, அதற்கு ஹேண்ட்பால் என்று பெயரும் வைத்தார். இரண்டு ஆண்டு கழித்து கார்ல் ஷெலென்ஸ் அதை ஆண்களுக்கும் ஏற்றபடி மாற்றினார். (டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் 1906லேயே தம் விதிகளை வெளியிட்டிருந்தார். அது தனிக் கிளை.) இவ்வளவுக்குப் பிறகும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1976ல்தான். மான்ட்ரியலில் நடந்த அந்த முதல் போட்டியிலேயே ஹங்கேரிப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள்.

● பந்து கையில் ஒட்டும்! வீராங்கனைகள் விரல்களில் பிசின் தடவிக்கொள்கிறார்கள். பெண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 54 முதல் 56 சென்டிமீட்டர், எடை 325 முதல் 375 கிராம். பிசின் இருப்பதால்தான் அதை ஒரே கையில் கவ்வி, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைச் சுழற்றி, தரையில் குத்திப் பக்கவாட்டில் திரும்பும்படி போட முடிகிறது.

● நமக்குப் பழக்கமான வழக்கம் ஒன்று அங்கேயும் உண்டு. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்துத்தான் பெயர் சொல்வார்கள். உலகம் 'அனிதா கொர்பிட்ஸ்' என்று எழுதுபவர், சொந்த ஊரில் 'கொர்பிட்ஸ் அனிதா'. இனி நாமும் அவர்கள் வழக்கப்படியே அழைப்போம்.

● கொர்பிட்ஸ் அனிதா பிறந்தது வெஸ்ப்ரேம் நகரில், 1983 மே 13. பதின்ம வயதில் ஜ்யோருக்கு வந்தவர், 2021ல் ஓய்வு பெறும்வரை வேறு எந்தக் கிளப்புக்கும் ஆடவில்லை. அவர் சேர்ந்தபோது ஜ்யோர் 1959க்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பையையும் பார்த்திராத கிளப். அவர் விடைபெற்றபோது ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். நடுவில் எத்தனையோ பணக்காரக் கிளப்புகள் இருந்தும், உலகின் சிறந்த வீராங்கனை என்று பெயர் வாங்கிய பிறகும், ஊரை விட்டுப் போகாமலே இருந்தார். அந்த ஐந்து கோப்பைகளில் இரண்டு அவர் தாயாவதற்கு முன்பு, மூன்று தாயான பிறகு. 2015ல் குழந்தை பெற்று, திரும்பி வந்து, 2017, 2018, 2019 என்று வரிசையாக வென்றார்.

அவர் ஆடிய இடத்துக்கு ஹங்கேரி மொழியில் 'இரானிதோ' என்று பெயர். திசை காட்டுபவர். தாக்குதலின் நடுவில் நின்று, யாருக்குப் பந்து, எந்தப் பக்கம் திறக்கிறது, எப்போது வேகம் குறைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை. உயரமான தடுப்பாளர்கள் சுவர்போல நிற்கும் ஆட்டத்தில், உயரத்தைவிடக் கண்ணும் கணக்கும்தான் பெரிது என்று காட்டியவர் அவர். ஹங்கேரி தேசிய அணிக்காக மட்டும் ஆயிரத்துக்கும் மேல் கோல்!

● அதே கொர்பிட்ஸுக்கு 20 வயதில் விழுந்த அடி இது. 2003 டிசம்பர், ஜாக்ரெப் நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஹங்கேரி ஒரு கட்டத்தில் பிரான்ஸைவிட ஏழு கோல் முன்னால். ஹேண்ட்பாலில் ஏழு கோல் என்பது வென்றாயிற்று என்று நாற்காலியை விட்டு எழும் கணக்கு. பிரான்ஸ் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 32-29 என்று கோப்பையும் கொண்டுபோனது. ஹங்கேரிப் பெண்கள் உலக சாம்பியன் ஆனது 1965ல் ஒரே ஒரு முறைதான். அந்தக் காத்திருப்பு இன்னும் முடியவில்லை.

● இரண்டு அனிதாக்கள். உலக ஹேண்ட்பால் சம்மேளனம் 2004ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது குல்ச்சார் அனிதாவை. ஆறு மீட்டர் வளைகோட்டில் எதிரணித் தடுப்பாளர்களின் நடுவே முதுகு காட்டி நின்று, இடிபட்டு, பந்தைப் பிடித்துத் திரும்பி அடிக்கும் இடம் அவருடையது. பல ஆண்டுகள் ஜ்யோருக்கு ஆடியவர், அப்போது வேறொரு ஹங்கேரியக் கிளப்பில் இருந்தார். விருது அறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. 2005 ஜனவரியில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 28. அடுத்த ஆண்டின் விருது வந்து சேர்ந்தது இன்னோர் அனிதாவுக்கு, கொர்பிட்ஸுக்கு. ஒரே அணியில் ஒரு காலத்தில் சேர்ந்து ஆடியவர்கள். இந்த இரண்டு வரிகளையும் விருதுப் பட்டியலில் அடுத்தடுத்துப் பார்க்கும்போது மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

● வெற்றிக்கு முன்னால் ஜ்யோர் எப்படியெல்லாம் தோற்றது என்று பார்த்தால்தான் இந்தக் கிளப் புரியும். 2009 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் டென்மார்க்கின் வீபோர்க்கிடம் தோல்வி. 2012ல் இன்னும் கொடுமை. எதிரணி மான்டினிக்ரோவின் புதுச்நோஸ்ட். அப்போது இறுதி இரண்டு ஆட்டமாக, ஆளுக்கொரு ஊரில் நடக்கும். ஜ்யோர் தன் ஆட்டத்தை 29-27 என்று வென்றது. மறு ஆட்டத்தை 25-27 என்று இழந்தது. கூட்டினால் 54-54, சரிசமம். ஆனால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே கோப்பை என்பது விதி. புதுச்நோஸ்ட் வெளியூரில் போட்டது 27, ஜ்யோர் 25. கோப்பை போயிற்று. மறு ஆண்டே நார்வேயின் லார்விக் அணியை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 47-45 என்று வென்று, முதல்முறையாக ஐரோப்பிய சாம்பியன் ஆனார்கள்.

● 2014ல் முறை மாறியது. கடைசி நான்கு அணிகளும் ஒரே ஊரில், ஒரே வார இறுதியில் மோதும். அந்த ஊர் அன்றிலிருந்து புடாபெஸ்ட். முதல் ஆண்டே ஜ்யோர் வென்றது. இறுதியில் எதிரே நின்றது யார்? அதே புதுச்நோஸ்ட். 27-21.

● இதைப் படித்துவிட்டு ஒரு முறை மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். 2017 இறுதி: மாசிடோனியாவின் வார்தாருக்கு எதிராக 31-30, கூடுதல் நேரத்தில். 2018 இறுதி: மறுபடி வார்தார், மறுபடி கூடுதல் நேரம், 27-26. 2019 இறுதி: ரஷ்யாவின் ரஸ்தோவுக்கு எதிராக 25-24. மூன்று ஆண்டு, மூன்று கோப்பை, மூன்றிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல். இதற்கு முந்தைய 2016 இறுதியில் புக்கரெஸ்டின் சி.எஸ்.எம். அணியிடம் ஏழு மீட்டர் எறிதல்களில் (கால்பந்தின் பெனால்டி போல) தோற்றிருந்தார்கள். அந்தத் தோல்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பார்த்தால், ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் கை நடுங்காத பெண்கள் என்றுதான் இவர்களைச் சொல்லத் தோன்றுகிறது.

● அந்த 2019 இறுதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜ்யோருக்கு முதல் நான்கு ஐரோப்பியக் கோப்பைகளையும் வாங்கித் தந்த பயிற்சியாளர், ஸ்பெயின்காரர் அம்ப்ரோஸ் மார்ட்டின். 2018 கோப்பையோடு விடைபெற்று வேறு கிளப்புக்குப் போனார். எந்தக் கிளப்? ரஸ்தோவ். மறு ஆண்டே இறுதியில் தம் பழைய பிள்ளைகளுக்கு எதிரே வந்து நின்றார். தம் ஒவ்வொரு யுக்தியையும் அறிந்த எதிரிகள்! ஜ்யோர் அப்போது தானியி காபோரின் பயிற்சியில் இருந்தது. ஒரு கோலில் மாணவிகள் வென்றார்கள். 2021ல் மார்ட்டின் திரும்பவும் ஜ்யோருக்கே வந்தார்.

● 2018 தொடக்கத்திலிருந்து 2021 மே வரை, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, சாம்பியன்ஸ் லீக்கில் ஜ்யோரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள்! அந்தத் தொடரை அறுத்தது பிரான்ஸின் பிரெஸ்ட், அரையிறுதியில், அதுவும் ஏழு மீட்டர் எறிதல்களில்.

● எதுவார்தா அமோரிம் பிரேசிலின் புளுமெனாவ் ஊர்க்காரர். 2009ல் ஜ்யோருக்கு வந்து 2021 வரை, 12 ஆண்டு தங்கினார். ஒரு பக்கம் இடியாக எறிவார், மறுபக்கம் தடுப்பில் பாறையாக நிற்பார். 2013ல் பெல்கிரேடில் நடந்த உலகக் கோப்பை இறுதியில், செர்பியாவை அதன் சொந்த மண்ணில் 22-20 என்று பிரேசில் வென்றது. பெண்கள் ஹேண்ட்பாலில் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அந்தப் போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனை அமோரிம். 2014ல் உலகின் சிறந்த வீராங்கனையும் அவரே.

● ஒரு கிளப்பின் வரலாற்றையும் ஓர் ஆளின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜ்யோருக்கு சாம்பியன்ஸ் லீக் கோப்பை ஏழு. நார்வேயின் கோல்கீப்பர் காத்ரின் லுந்தேவுக்கும் ஏழு. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பவை இரண்டே: 2013, 2014. அப்போது லுந்தே ஜ்யோரின் வலையைக் காத்தார். மற்ற ஐந்து? 2009, 2010ல் வீபோர்க்குக்காக. 2021, 2022, 2023ல் நார்வேயின் வைப்பர்ஸுக்காக. இப்போது மேலே திரும்பிப் பாருங்கள். 2009 இறுதியில் ஜ்யோரை வீழ்த்திய அணி எது? வீபோர்க். 2022 இறுதியில் 33-31 என்று ஜ்யோரை வென்றது வைப்பர்ஸ். ஆக, லுந்தே இரண்டு இறுதிகளில் ஜ்யோருக்குக் கோப்பை கொடுத்தவர், இரண்டு இறுதிகளில் ஜ்யோரிடமிருந்து கோப்பையைத் தட்டிக்கொண்டுபோனவர்.

ஹேண்ட்பால் கோல்கீப்பரின் வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. வரும் பந்துகளில் மூன்றில் ஒன்றைத் தடுத்தாலே நல்ல நாள் என்பார்கள். மீதி இரண்டும் கோல். அதாவது, பெரும்பாலான நேரம் தோற்றுக்கொண்டே இருந்தும் மனம் தளராமல் அடுத்த பந்துக்குக் கை விரிக்க வேண்டும். லுந்தே அதை 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை கொண்டுபோய், 44 வயதில் தம் மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார்.

● ஜ்யோரில் நார்வேக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. லுந்தேவுக்குப் பின் வலை காத்த காரி கிரிம்ஸ்போ, 2011ல் உலகின் சிறந்த வீராங்கனையான ஹைடி லோக்கே, இடது கை நோரா மோர்க், 2019ல் உலகின் சிறந்த வீராங்கனையான ஸ்டீனே ஓஃப்டெடால். கடைசிப் பெயரை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். ஓஃப்டெடால் 2017ல் வந்தார். 2024ல் ஜ்யோரின் சட்டையில் கடைசியாக ஆடிய இறுதியில் ஜெர்மனியின் பீட்டிக்ஹைமை 30-24 என்று வென்று கோப்பையோடு போனார். இரண்டு மாதம் கழித்து நார்வேயின் தலைவியாக ஒலிம்பிக் தங்கம். அத்தோடு விளையாட்டுக்கு விடை. இதைவிட நல்ல முடிவை ஒரு வீராங்கனைக்கு யாரும் எழுதிவிட முடியாது.

● ஊர் அரங்கின் பெயர் ஆடி அரேனா. 2014ல் திறந்தார்கள், சுமார் 5,500 பேர் உட்காரலாம். அதற்கு முன்பு இருந்த மண்டபம் சின்னது. பெரிய ஐரோப்பிய ஆட்டங்களுக்கு வெஸ்ப்ரேம் நகர அரங்கைத் தேடிப் போனார்கள்.

● உள்நாட்டில் ஜ்யோரின் பெரும் எதிரி புடாபெஸ்டின் ஃபெரென்ட்ஸ்வாரோஷ். 2007, 2015, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டத்தை ஜ்யோருக்குக் கிடைக்காமல் செய்தவர்கள் அவர்களே. வேடிக்கை என்னவென்றால், ஃபெரென்ட்ஸ்வாரோஷின் நிறமும் பச்சை வெள்ளை. இவர்கள் நிறமும் பச்சை வெள்ளை. இரண்டு அணியும் மோதும் நாளில் பார்வையாளர் வரிசை முழுக்க ஒரே நிறக் கழுத்துத் துணிகள்!

● கூடைப்பந்தில் இருப்பதுபோல 24 நொடிக் கடிகாரம் ஹேண்ட்பாலில் கிடையாது. அணி வெறுமனே பந்தைக் கடத்திக்கொண்டிருக்கிறது என்று நடுவர் நினைத்தால் கையை உயர்த்துவார். அதன்பின் நான்கு பாஸுக்குள் எறிந்தாக வேண்டும். 2022 வரை ஆறு பாஸ் அனுமதி இருந்தது. ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணிக்குக் கடைசி நிமிடத்தில் அந்த நான்கு பாஸ்கள் எவ்வளவு நீளம் என்பதை ஜ்யோரின் ஆட்டங்களைப் பார்த்தால் தெரியும்.

● 1961ல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையின் முழுக் கணக்கில் முதலிடம் உக்ரைனின் ஸ்பார்டாக் கீவுக்கு, 13 முறை. அடுத்து ஆஸ்திரியாவின் ஹிப்போ, 8. மூன்றாவது ஜ்யோர், 7. ஆனால் 1993-94ல் அது 'சாம்பியன்ஸ் லீக்' ஆன பிறகு நடந்தவற்றை மட்டும் எண்ணினால் முதலிடம் ஜ்யோருக்கே.

● ஓய்வு பெற்ற கொர்பிட்ஸின் 13ஆம் எண் சட்டையைக் கிளப் இனி யாருக்கும் கொடுப்பதில்லை. அவர் போய்விடவும் இல்லை, கிளப்பின் நிர்வாகத்துக்கு வந்துவிட்டார்.

● இறுதிப் போட்டிகள் இப்போது நடப்பது புடாபெஸ்டின் எம்.வி.எம். டோமில். 2023ல் அங்கே 20,022 பேர் கூடினார்கள். பெண்கள் கிளப் ஹேண்ட்பாலில் அதுவரை காணாத கூட்டம். 2025 இறுதியில் டென்மார்க்கின் ஓடென்ஸேயை 29-27 என்று ஜ்யோர் வென்றதும் அதே இடத்தில்தான். ஜ்யோரிலிருந்து புடாபெஸ்ட் சுமார் 120 கிலோமீட்டர். ஊரே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். அங்கே அவர்கள் கத்தும் சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள், ஹங்கேரியில் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் பயன்படும்: 'ஹய்ரா!' முன்னேறு, விடாதே, போ போ என்று எல்லாம் சேர்ந்த ஒரே சொல். ஹய்ரா, ஜ்யோர்!